சரளமாகப் பேசும் மாணவருக்குப் பாடநூல் மொழியைக் கற்பித்தல்: கலிஃபோர்னியாவின் புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஏதாவது ஒரு வகுப்பை முதன்முறையாக ஏற்கும் ஆசிரியர், தம் மாணவர் பட்டியலில் ‘ஆங்கிலம் கற்போர்’ என்று குறிக்கப்பட்ட பெயர்களைக் கண்டதும், அண்மையில் வேறு நாட்டிலிருந்து வந்திறங்கிய பிள்ளைகளை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்காவிலேயே பிறந்து, மழலையர் வகுப்பிலிருந்து இதே ஊர்ப் பள்ளிகளில் படித்து, நண்பர்களோடு தடையின்றி ஆங்கிலத்தில் பேசிச் சிரிப்பவர்களாக இருப்பார்கள். கல்வி ஆய்வாளர் லாரி ஓல்சன் 2010இல் மாநிலத்தின் 40 பள்ளி மாவட்டங்களிலிருந்து தகவல் திரட்டி வெளியிட்ட அறிக்கை, உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்போர் என்ற பிரிவில் இருந்தவர்களில் 59 விழுக்காட்டினர் ஆறு ஆண்டுகளுக்கு மேலாக அதே பிரிவிலேயே தேங்கியிருந்தார்கள் என்பதை வெளிக்கொணர்ந்தது. அதன் விளைவாக 2012இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் இவர்களுக்கென்று தனி வரையறையை ஏற்படுத்தியது. இவர்களையே இக்கட்டுரை நீண்டகாலப் பன்மொழி மாணவர் என்று குறிப்பிடுகிறது.

கலிஃபோர்னியாவில் ஆங்கிலம் கற்போர் பிரிவில் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேற்பட்டோரின் வீட்டுமொழி ஸ்பானியம். வியட்நாமியம், சீனம், அரபு எனப் பல மொழிகளைப் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் நிரப்பும் வீட்டுமொழிப் படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதினால், தமிழ் வீட்டுப் பிள்ளையும் எல்பாக் எனப்படும் மாநில ஆங்கிலத் திறன் தேர்வின் தொடக்கநிலையை எழுத வேண்டும். எனவே இது தமிழ்ப் பெற்றோருக்கும் தொடர்பில்லாத விஷயம் அன்று.

தேக்கத்தின் காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

டொரண்டோவில் பணியாற்றிய மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ், 1979இல் உரையாடல் மொழித் திறனையும் கல்விசார் மொழித் திறனையும் பிரித்துக் காட்டினார். முன்னது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடும். பின்னது வயதொத்த மற்ற மாணவர்களின் நிலையை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம் என்பது அவரும் பிறரும் தொடர்ந்து எடுத்துக்காட்டிய செய்தி. தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்கத் தேவையில்லை. “தண்ணி சூடாச்சுன்னா சீக்கிரம் ஆவியாயிடும்” என்று சொல்லத் தெரிந்த சிறுவன், “வெப்பநிலை உயர்வு ஆவியாதலின் வேகத்தை அதிகரிக்கிறது” என்ற பாடநூல் வரியைத் தானே எழுதிவிடுவான் என்று எந்தத் தமிழாசிரியரும் எதிர்பார்ப்பதில்லை. அந்த எழுத்துநடையை அவனுக்குத் தனியே கற்பிக்க வேண்டும் என்பது நம் மரபிலேயே ஊறிய அறிவு. ஆங்கிலத்திலும் இதே இடைவெளி உண்டு. ஆனால் அங்கே பேச்சு சரளமாக இருப்பதைக் கேட்டவுடன், “இவனுக்கு ஆங்கிலம் தெரியும், படிக்கத்தான் சோம்பல்” என்ற முடிவுக்குப் பல ஆசிரியர்கள் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவுதான் இம்மாணவர்களுக்கு நேரும் பெருந்தீங்கு. கற்பிக்கப்படாததால்தான் அந்த எழுத்துநடை இவர்களிடம் இல்லை என்பதே உண்மை நிலை.

கற்பிக்கப்படாமல் போனதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1998இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 227ஆம் முன்மொழிவு இருமொழிக் கல்வியை மாநிலத்தில் பெருமளவு முடக்கியது. 2016இல் 58ஆம் முன்மொழிவுதான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் படித்தவர்களில் பலர், வீட்டுமொழியில் எழுதப் படிக்கவும் கற்காமல், ஆங்கில எழுத்துமொழியையும் முறையாகப் பெறாமல், ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு திட்டங்களுக்கு மாற்றப்பட்டு வளர்ந்தார்கள்.

படி ஒன்று: மாணவரின் கோப்பையும் மாணவரையும் படியுங்கள்

வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரின் எல்பாக் முடிவுகளையும் எடுத்துப் பாருங்கள். அத்தேர்வு கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் தனித்தனியே அளந்து, வாய்மொழிக்கு ஒரு மதிப்பெண்ணும் எழுத்துமொழிக்கு ஒரு மதிப்பெண்ணும் தருகிறது. மொத்த முடிவு ஒன்று முதல் நான்கு வரையிலான நிலைகளில் அமைகிறது. நீண்டகால மாணவர்களிடம் வாய்மொழி மதிப்பெண் உயர்ந்தும் எழுத்துமொழி மதிப்பெண் தாழ்ந்தும் இருப்பதையே பெரும்பாலும் காண்பீர்கள். மொத்த நிலையை மட்டும் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். மூன்று, நான்கு ஆண்டுகளின் முடிவுகளை வரிசையாக வைத்து, எந்தத் திறன் எந்த ஆண்டில் நகராமல் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மாணவரோடு தனியே பத்து நிமிடம் உட்காருங்கள். தாம் எந்தப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறோம், அதிலிருந்து வெளியேற என்ன வேண்டும் என்பதே தெரியாத மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் எழுதும் அந்தத் தேர்வு எதற்கு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. முடிவுத்தாளை அவர்கள் கையில் கொடுத்து, எந்த இடத்தில் வலுவாக இருக்கிறார்கள், எந்த இடத்தில் இன்னும் உழைக்க வேண்டும் என்பதை விளக்கி, அந்த ஆண்டுக்கான ஓர் இலக்கை அவர்களே எழுதும்படி செய்யுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் குழந்தையாக நடத்தாமல் தன் கல்வியின் பொறுப்பாளராக நடத்தும் அந்த உரையாடலுக்கு நான் மிகுந்த மதிப்பு தருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கும் எந்தத் திட்டமும் பாதியில் சோர்ந்துவிடுகிறது.

நீளமான சொற்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதும் இந்த வாரத்திலேயே நடக்க வேண்டும். சிலருக்கு மூன்று, நான்கு அசைகள் கொண்ட சொற்களைப் பிரித்து வாசிக்கும் பயிற்சியே விடுபட்டிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னொட்டு, பின்னொட்டு, அசைப்பிரிப்பு ஆகியவற்றைச் சிறு குழுவில் நாளும் சிறிது நேரம் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

படி இரண்டு: உங்கள் பாடத்தின் மொழியை நீங்களே முதலில் கண்டுகொள்ளுங்கள்

பாட ஆசிரியருக்கு அவர் பாடத்தின் மொழி கண்ணில் படுவதில்லை. அதிலேயே நீண்ட காலம் வாழ்ந்திருப்பதால் அது இயல்பாகத் தோன்றுகிறது. எனவே அடுத்த பாடத்தின் இரண்டு பக்கங்களை எடுத்துக்கொண்டு, பென்சிலால் மூன்று வகைக் கூறுகளை மட்டும் கோடிடுங்கள். முதலாவது, வினைகள் பெயர்களாக மாறி நிற்கும் இடங்கள்: ‘மைக்ரேட்’ என்பது ‘மைக்ரேஷன்’ ஆவதும், ‘எரோட்’ என்பது ‘எரோஷன்’ ஆவதும். இரண்டாவது, கருத்துகளைப் பிணைக்கும் ‘ஆல்தோ’, ‘வேர்ஆஸ்’, ‘தேர்ஃபோர்’ போன்ற சொற்கள். மூன்றாவது, அன்றாடப் பேச்சில் ஒரு பொருளும் பாடத்தில் வேறு பொருளும் தரும் சொற்கள்: ‘வால்யூம்’ என்றால் மாணவருக்குத் தொலைக்காட்சியின் ஒலியளவு, கணித ஆசிரியருக்குக் கன அளவு, ‘டேபிள்’ என்றால் வீட்டில் மேசை, அறிவியலில் அட்டவணை.

இந்தக் கோடிட்ட பக்கங்களிலிருந்து அன்றைய பாடத்துக்கான மொழி இலக்கு ஒன்றை எழுதுங்கள். “மாணவர்கள் மண்ணரிப்பைப் புரிந்துகொள்வார்கள்” என்பது பாட இலக்கு. “மாணவர்கள் இரண்டு காரணங்களையும் ஒரு விளைவையும் ஒரே வாக்கியத்தில் இணைத்து எழுதுவார்கள்” என்பது மொழி இலக்கு. இரண்டும் கரும்பலகையில் அருகருகே இருக்கட்டும். மாநிலம் 2012இல் ஏற்ற ஆங்கில மொழி வளர்ச்சித் தரங்களும் ஆங்கில மொழி எப்படி இயங்குகிறது என்பதை அறிவதற்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்கியிருக்கின்றன.

படி மூன்று: சொற்களைக் குறைத்து, ஆழமாகக் கற்பியுங்கள்

சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கும் முறையை இசபெல் பெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் பரப்பினார்கள். அன்றாடச் சொற்கள் முதல் அடுக்கு. ஒரு பாடத்துக்கே உரிய கலைச்சொற்கள் மூன்றாம் அடுக்கு. பல பாடங்களிலும் திரும்பத் திரும்ப வரும் ‘அனலைஸ்’, ‘சிக்னிஃபிகண்ட்’, ‘டிஸ்டின்க்ட்’ போன்றவை இரண்டாம் அடுக்கு. மூன்றாம் அடுக்குச் சொற்களைப் பாடநூலே தடித்த எழுத்தில் அச்சிட்டு விளக்கிவிடும். இரண்டாம் அடுக்கைக் கற்பிப்பது யாருடைய பொறுப்பும் ஆகாமல் போய்விடுவதால், அங்கேதான் நீங்கள் உழைக்க வேண்டும். நியூஸிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் 570 சொற்குடும்பங்களைக் கொண்டது. அதைத் தேர்வுக்கான மனப்பாடப் பட்டியலாக மாணவர்களிடம் நீட்டாமல், எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் முடிவு செய்வதற்கான துணையாக மட்டும் பயன்படுத்துங்கள்.

வாரத்துக்கு ஐந்தாறு சொற்கள் போதும். ஒவ்வொரு சொல்லையும் முதலில் நீங்கள் சொல்ல, மாணவர்கள் சேர்ந்து சொல்லட்டும். எளிய விளக்கம் தந்து, அவர்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள். பிறகு அச்சொல்லின் குடும்பத்தைப் பலகையில் எழுதி, வினை எது, பெயர் எது, அடை எது என்று பிரித்துக் காட்டுங்கள். அதே நாளில் அவர்கள் அச்சொல்லைப் பேச்சிலும், மறுநாள் எழுத்திலும் பயன்படுத்தியாக வேண்டும். அகராதி விளக்கத்தைப் பார்த்து எழுதும் வீட்டுப்பாடம், நேரத்தை நிரப்புகிறதே ஒழிய சொல்லை மாணவருக்குச் சொந்தமாக்குவதில்லை.

ஸ்பானியம் பேசும் மாணவர்களிடம் ஒரு பெரும் செல்வம் மறைந்திருக்கிறது. ஆங்கிலக் கல்விச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க வேர் கொண்டவை என்பதால், ஸ்பானியத்தின் ‘எரோசியோன்’, ‘மிகிரசியோன்’, ‘அனலிசார்’ ஆகியவை அவற்றின் நேர் உறவுகள். ஆனால் இந்த உறவை மாணவர் தாமாகக் கண்டுகொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டும்போதுதான் அது புலப்படுகிறது. ‘அசிஸ்திர்’ என்றால் ஸ்பானியத்தில் ஓர் இடத்துக்கு வருகை தருதல் என்று பொருள், ஆங்கிலத்தின் ‘அசிஸ்ட்’ உதவுதலைக் குறிக்கும் என்பது போன்ற பொய்யுறவுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இத்தகைய வேர் உறவு கிடையாது. எனினும் தமிழில் வாசிக்கக் கற்றிருந்தால், ‘ஆவியாதல்’, ‘இடப்பெயர்வு’ என்று வினை பெயராக மாறும் முறையை அவள் முன்பே அறிந்திருப்பாள். அந்த அறிவை ஆங்கிலத்துக்கு எடுத்துச்செல்ல அவளுக்கு ஒரு சுட்டல் போதும்.

படி நான்கு: நாளுக்கு ஒரு வாக்கியம்

இவ்வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே செய்ய உங்களுக்கு நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லிலி வாங் ஃபில்மோர் பல ஆண்டுகளாக வலியுறுத்திய முறை இது: பாடத்திலிருந்து கருத்தும் மொழியும் செறிந்த ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, பதினைந்து, இருபது நிமிடம் மாணவர்களோடு சேர்ந்து அதைப் பிரித்துப் பேசுவது.

அமெரிக்க வரலாற்றுப் பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்: “1930களில் நீடித்த வறட்சியும் காற்றால் ஏற்பட்ட மண்ணரிப்பும் பெருஞ்சமவெளி விவசாயக் குடும்பங்களின் கலிஃபோர்னியாவை நோக்கிய இடப்பெயர்வுக்குக் காரணமாயின.” இதை வகுப்பில் மூன்று துண்டுகளாகப் பலகையில் எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் கேள்வி கேளுங்கள். எப்போது நடந்தது? ‘நீடித்த வறட்சி’ என்றால் அங்கே என்ன நடந்தது? மழை பல ஆண்டுகள் பொய்த்தது என்று ஒருவர் சொல்வார். ‘மண்ணரிப்பு’ என்ற சொல்லில் யார் எதை என்ன செய்தது? காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. ‘இடப்பெயர்வு’ என்பதில் யார் இருக்கிறார்கள்? வீட்டைவிட்டுக் கிளம்பிய அப்பா, அம்மா, பிள்ளைகள். இப்போது மூன்று தனி நிகழ்ச்சிகள் கிடைத்துவிட்டன. அவற்றை நூலாசிரியர் எப்படி மூன்று பெயர்ச்சொற்களாக்கி, ‘காரணமாயின’ என்ற ஒற்றை வினையால் கோத்தார் என்று கேளுங்கள்.

அங்கே நின்றுவிடக் கூடாது. மறுநாள் எதிர்த்திசையில் போங்கள்: நான்கு சிறு பேச்சு வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றை ஒரே செறிந்த வாக்கியமாக மாணவர்கள் கட்டட்டும். பிரிக்கத் தெரிந்தவர் வாசகர் ஆகிறார். கட்டத் தெரிந்தவர் எழுத்தாளர் ஆகிறார். எளிமைப்படுத்திய பாடநூல்களைக் கொடுத்தால் மாணவர் சிரமப்படமாட்டார் என்ற நல்லெண்ணம் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. பல ஆண்டுகள் எளிய வாக்கியங்களை மட்டுமே வாசித்தவருக்குச் செறிந்த வாக்கியம் எங்கிருந்து வரும்? கடினமான பகுதியைத் துணையோடு வாசிக்க வைப்பதே உண்மையான உதவி.

படி ஐந்து: பேச்சுக்கு அமைப்புக் கொடுங்கள்

“பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்” என்று மட்டும் சொன்னால், முன்பே பேசத் தெரிந்தவர் பேசுவார், மற்றவர் தலையசைப்பார். யார் முதலில் பேச வேண்டும், எவ்வளவு நேரம், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்டவர் தம் இணையரின் கருத்தைத் தம் சொற்களில் வகுப்புக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி போதும், இருவருமே கவனமாக இருப்பார்கள். எழுதும் முன் பேசுவது முக்கியம். ஒரு வாக்கியத்தை வாயால் முழுதாகச் சொல்லிப் பார்த்தவருக்கு அதை எழுதுவது எளிது.

‘இதற்குக் காரணம்...’ போன்ற வாக்கியத் தொடக்கங்களைச் சுவரில் ஒட்டுவது இப்போது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அவை பயனுள்ளவையே. ஆனால் கட்டடம் எழுந்த பிறகும் பிரிக்கப்படாத சாரம் போல அவை ஆண்டு முழுவதும் அதே இடத்தில் இருந்தால், மாணவர் இட்டு நிரப்பக் கற்றுக்கொள்வாரே அன்றி எண்ணிச் சொல்லக் கற்றுக்கொள்ளமாட்டார். முதலில் முழுச் சட்டகம், பிறகு தொடக்கச் சொல் மட்டும், பிறகு இணைப்புச் சொல் மட்டும், இறுதியில் ஒன்றுமில்லை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த வாரத்தில் எதை எடுத்துவிடப் போகிறீர்கள் என்பதை முன்பே திட்டமிட்டு வையுங்கள்.

படி ஆறு: சேர்ந்து எழுதிய பிறகே தனியே எழுதச் சொல்லுங்கள்

1980களில் சிட்னியில் மொழியியலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய கற்பித்தல் சுழற்சி இந்த மாணவர்களுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. முதலில் பொருளைப் பற்றிய அறிவை வளர்ப்பது. பிறகு ஒரு நல்ல மாதிரிக் கட்டுரையைப் பிரித்து, அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது. பிறகு வகுப்பும் ஆசிரியரும் சேர்ந்து பலகையில் ஒரு கட்டுரையை எழுதுவது. கடைசியாக மாணவர் தனியே எழுதுவது.

மூன்றாவது கட்டத்தைத்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் தாண்டிப் போகிறார்கள். மாதிரியைக் காட்டிவிட்டு, “இப்போது நீங்கள் எழுதுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். சேர்ந்து எழுதும்போது ஒரு மாணவர் பேச்சுநடையில் ஒரு கருத்தைச் சொல்வார்; அதைத் தவறு என்று ஒதுக்காமல் பலகையில் எழுதி, “இதை வரலாற்றாசிரியர் எப்படி எழுதுவார்?” என்று வகுப்பைக் கேளுங்கள். இரண்டு, மூன்று யோசனைகள் வரும். ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்து, ஏன் தேர்ந்தோம் என்று சொல்லி எழுதுங்கள். எழுத்தாளரின் தலைக்குள் நடக்கும் தயக்கமும் திருத்தமும் மாணவர் கண்முன் நடப்பது இந்த ஒரு வேளையில்தான். இதற்கு ஒரு முழு வகுப்பு நேரம் செலவானாலும் அது வீணாகாது.

திருத்தும்போது எல்லாப் பிழைகளையும் சிவப்பாக்காதீர்கள். அன்றைய மொழி இலக்கு எதுவோ அதை மட்டும் குறியுங்கள். மாணவர் அதைத் திருத்தி மீண்டும் எழுதித் தருவதற்கு வகுப்பிலேயே நேரம் ஒதுக்குங்கள். மீண்டும் எழுதப்படாத திருத்தத்தால் பயனில்லை.

கால அட்டவணைக்காகக் குரல் கொடுங்கள்

மாநில விதிகள் இரண்டு வகைக் கற்பித்தலைக் கோருகின்றன: பள்ளி நாளில் தனியாக ஒதுக்கப்பட்ட ஆங்கில மொழி வளர்ச்சி நேரம், மற்ற எல்லாப் பாடங்களுக்குள்ளும் இணைந்த மொழி வளர்ச்சி. தனியாக ஒதுக்கிய நேரத்தில், நேற்று நாட்டுக்கு வந்தவரையும் பத்து ஆண்டுகளாக இங்கே படிப்பவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது இரு தரப்பினருக்கும் அநீதி. அப்படிப்பட்ட அட்டவணை உங்கள் பள்ளியில் இருந்தால், நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேள்வி எழுப்புங்கள். வழிகாட்டி ஆலோசகரோடு பேசி, இம்மாணவர்கள் இசை, ஓவியம், கல்லூரிக்குத் தகுதி தரும் பாடங்கள் ஆகியவற்றை இழக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த லாவ் வழக்கில், ஒரே பாடநூலும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வழிவந்ததே இம்மாணவர்களின் உரிமை.

வீட்டோடு பேசுதல்

பெற்றோரிடம், “வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தடுமாறும் ஆங்கிலத்தில் பேசும் தாயைவிட, தன் மொழியில் கதை சொல்லி, காரணம் கேட்டு, வாதாடும் தாய்தான் பிள்ளையின் மொழியறிவை வளர்க்கிறாள். கலிஃபோர்னியா 2012 முதல் உயர்நிலைப்பள்ளி முடிக்கும் மாணவர்களுக்கு இருமொழித் தேர்ச்சி முத்திரையை வழங்கி வருகிறது; ஆங்கிலம் கற்போர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கும் இந்தத் தகுதி எட்டக்கூடியதே என்பதை ஆறாம் வகுப்பிலேயே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். தமிழ்ப் பெற்றோரில் சிலர், பிள்ளை அந்தத் தேர்வை எழுத வேண்டியிருக்குமே என்று அஞ்சி, படிவத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுவதுண்டு. உண்மையை எழுதுவதே நல்லது. தேர்ச்சி பெற்ற பிள்ளை அப்பிரிவில் சேர்க்கப்படுவதில்லை, உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது உரிமையாகக் கிடைக்கிறது.

பிரிவிலிருந்து வெளியேறும்போது

மாணவர் இப்பிரிவிலிருந்து விடுபட நான்கு அளவுகோல்கள் உள்ளன: எல்பாக் மொத்த நிலை நான்கு, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, அடிப்படைத் திறன்களில் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்ட தேர்ச்சி. இவற்றில் இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. அதற்காக ஆண்டின் தொடக்கம் முதலே ஒவ்வொரு மாணவரின் எழுத்தையும் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள். செப்டம்பரில் எழுதிய பத்தியையும் மார்ச்சில் எழுதிய பத்தியையும் அருகருகே வைத்துத்தான் நேர்மையான மதிப்பீட்டை எழுத முடியும்.

பிரிவு மாறிய பிறகும் நான்கு ஆண்டுகள் அவர்களின் முன்னேற்றத்தைப் பள்ளி கண்காணிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது ஒரு கணினிப் பட்டியலைச் சரிபார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. எனவே ஜூன் மாதத்தில், அடுத்த ஆண்டு அம்மாணவருக்கு வரலாறும் அறிவியலும் எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்கு அவருடைய மிகச் சிறந்த ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்து, எந்த வகை வாக்கியங்களில் அவருக்கு இன்னும் துணை தேவை என்பதை அதன் ஓரத்தில் இரண்டு வரிகளில் எழுதிவையுங்கள்.